நிறத்தின் பெயர் சொல்லித் தருதல்

நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். தில்லியில் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் அமர்ந்து, ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்கியே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். சட்டச் சொற்களும் வரிவிதிப்புச் சொற்களும் என்னை அவ்வளவாக மிரட்டியதில்லை. சில மாதங்களுக்கு முன்பு சிறு குழந்தைகளைப் பேணுவோருக்கான கையேடு ஒன்று என் மேசைக்கு வந்தது. அதில் நிறங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஆறு சொற்கள் வரை பேனா தங்கு தடையின்றி ஓடிற்று. அடுத்து வந்தவை பிரவுன், ஆரஞ்சு, பிங்க், கிரே. அங்கே பேனா நின்றுவிட்டது. பழுப்பு, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, சாம்பல் என்று எழுதினேன். எழுதிய பின்பு ஓர் ஐயம் எழுந்தது. இந்தச் சொற்களை நான் என் வீட்டில் என்றாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேனா? என் மக்கள் இவற்றைக் கேட்டிருக்கிறார்களா?

அந்த வாரத்தில் என் தாயார் ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார்கள். ஒருநாள் மாலை, கிழிந்த புடவையின் கரையைத் தைத்துக்கொண்டிருந்தவர்கள், என் நான்கு வயது மகளை அழைத்து, "கண்ணம்மா, அந்த டப்பாவிலிருந்து அரக்கு நூலை எடுத்துக்கொண்டு வா" என்றார்கள். குழந்தை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தாள். "பாட்டி, அரக்கு என்றால் லாலா, மெரூனா?" என்று கேட்டாள். பாட்டிக்கு மெரூன் விளங்கவில்லை. பேத்திக்கு அரக்கு விளங்கவில்லை. இருவர் கண்ணுக்கும் தெரிந்தது ஒரே நூல்கண்டுதான். இடையிலே பெயர் இல்லாமற் போயிற்று.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் வீடுகள் பலவற்றில் இக்காட்சி நாள்தோறும் நடப்பதுதான். ஆகவே, சிறு குழந்தைகளுக்கு நிறங்களை இனங்காட்டிப் பெயர் சொல்லித் தருவது எப்படி என்பதைப் பற்றி இன்று சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கொள்ள வேண்டும். நிறத்தைக் காண்பது வேறு. நிறத்துக்குப் பெயர் சொல்வது வேறு. பிறந்த சில வாரங்களில் குழந்தையின் பார்வை மங்கலாகவே இருக்கிறது. மூன்று நான்கு மாதங்கள் நிறைவதற்குள் பெரியவர்களைப் போலவே சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் பிரித்தறியும் திறன் அதற்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்த நிறங்களுக்குச் சரியான பெயரைத் தவறாமல் சொல்லுவதற்கு மூன்று வயதும், சில குழந்தைகளுக்கு நான்கு வயதும் ஆகிவிடுகின்றன. நாய், பூனை, பால், பந்து என்று நூற்றுக்கணக்கான பெயர்களைத் தடையின்றிக் கற்கும் குழந்தை, நான்கு நிறப் பெயர்களில் மட்டும் இடறி விழுகிறது.

இதைக் கண்டு திகைத்தவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். அவர் தம் மக்களின் வளர்ச்சியை நுணுக்கமாகக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். பழகிய பொருள்களின் பெயரையெல்லாம் அறிந்துகொண்ட பின்பும், தம் குழந்தைகளில் இருவர் அல்லது மூவர் நிறங்களுக்குச் சரியான பெயர் சொல்ல இயலாமல் இருந்ததாகவும், அவர்களுக்கு நிறக்குருடு இருக்கிறதோ என்று தாம் அஞ்சியதாகவும், பின்னர் அவ்வச்சம் ஆதாரமற்றது என்று தெரிந்ததாகவும் 1877-ஆம் ஆண்டில் வெளிவந்த குறிப்பொன்றில் அவர் எழுதியிருக்கிறார்.

இன்னொரு சான்றும் உண்டு. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அளப்பதற்கு முதன்முதலில் அளவுகோல் வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு உளவியல் அறிஞர் ஆல்ஃபிரெட் பினே. அவர் 1908-இல் வெளியிட்ட அளவுகோலில், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கு நிறங்களுக்குப் பெயர் சொல்லுவது எட்டு வயதுக்குரிய தேர்வாக வைக்கப்பட்டிருந்தது. 1911-இல் அது ஏழு வயதுக்கு இறங்கிற்று. 1916-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அதைத் திருத்தி வெளியிட்டபோது ஐந்து வயதுக்கு வந்தது. இன்றோ நான்கு வயதுக் குழந்தையிடமே எதிர்பார்க்கிறோம். இந்த இடைக்காலத்தில் குழந்தைகளின் கண் மாறிவிடவில்லை. வண்ணம் பூசிய விளையாட்டுச் சாமான்களும், வண்ணப் படங்களும், அவற்றைக் காட்டிப் பேசும் பெரியவர்களும் பெருகியிருப்பதே இதற்குக் காரணமாயிருக்க வேண்டும். நிறப் பெயர் தானாக முளைப்பதன்று. பேச்சினால் வளர்வது என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஏன் இந்த இடர்ப்பாடு? "இது பந்து" என்று காட்டினால், குழந்தை பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். "இது சிவப்பு" என்று காட்டினால் எதை எடுத்துக்கொள்வது? சிவப்பு தனியே கிடைப்பதில்லை. பந்திலும் தக்காளியிலும் பாட்டியின் புடவையிலும் ஒட்டிக்கொண்டே கிடக்கிறது. மூன்றும் ஒரே சிவப்பும் அல்ல. எந்த அளவு வரை சிவப்பு, எங்கிருந்து அது செம்மஞ்சள் ஆகிறது என்ற எல்லையை இயற்கை வகுத்துத் தரவில்லை. ஒவ்வொரு மொழியும் தனக்கென வகுத்துக்கொண்டிருக்கிறது. அந்த எல்லையைப் பல நூறு முறை பிறர் சொல்லக் கேட்டுத்தான் குழந்தை கண்டுகொள்ள வேண்டும்.

நம் தமிழிலோ வேறு சில சிக்கல்களும் இருக்கின்றன. பச்சை என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மிளகாய் பச்சையாக இருக்கிறது, சரி. பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை. பச்சைப் பால் வெண்மையானது. பச்சைக் குழந்தை, பச்சைப் புண், பச்சைப் பொய் எதுவும் பச்சை நிறத்தன அல்ல. காயாதது, காய்ச்சாதது, முதிராதது, கலப்பில்லாதது ஆகிய பொருள்கள் எல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. மஞ்சள் என்பது கிழங்குக்கும் பெயர், நிறத்துக்கும் பெயர். கருப்பட்டியின் நிறம் பழுப்பு. வகுப்பறையில் இருக்கும் கரும்பலகை பல பள்ளிகளில் இன்று பச்சை. செம்மறியாடும் செவலைக் காளையும் உண்மையிற் பழுப்பு நிறத்தவை. செம்மை என்பதற்குள் பழுப்பையும் அடக்கியே நம் முன்னோர் பேசினர். ஊதா என்னும் சொல் சிலருக்குக் கத்திரிப்பூவின் நிறம். சில வட்டாரங்களில் நீலத்தையே ஊதா என்கிறார்கள். கறுப்பு, சிவப்பு என்ற சொற்கள் சினத்தையும் உணர்த்தும், நிறத்தையும் உணர்த்தும் என்று தொல்காப்பியர் உரியியலில் விதித்திருக்கிறார். அக்காலத்திலேயே நிறச் சொற்கள் நிறத்தோடு நில்லாமல் மனத்துக்குள்ளும் புகுந்துவிட்டன போலும்!

இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. மொழியின் வளம் இது. ஆனால் தொடக்கப் பாடத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பச்சையைக் காட்ட இலையைக் காட்டுங்கள். பச்சைப் பாலை அருகில் கொண்டுவராதீர்கள். மஞ்சளைக் காட்ட எலுமிச்சம்பழத்தைக் காட்டுங்கள். மஞ்சட்கிழங்கைப் பிறகு காட்டலாம்.

இனிக் கற்பிக்கும் முறையைப் பற்றிச் சொல்லுகிறேன். குழந்தைக் கல்வியில் புகழ்பெற்ற இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் அவர் தங்கியிருந்தார். நிறம் கற்பிப்பதற்கு அவர் தொடக்கத்தில் பயன்படுத்திய கருவி பட்டுநூல் சுற்றிய சிறு பலகைகள். எட்டு நிறங்கள், ஒவ்வொன்றிலும் வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை எட்டுச் சாயல்கள், ஆக 64 பலகைகள். அவற்றின் வடிவம் ஒன்று, அளவு ஒன்று, பொருள் ஒன்று. வேறுபடுவது நிறம் மட்டுமே. இதுதான் அம்முறையின் உயிர். சிவப்புப் பந்தையும் நீலச் சட்டையையும் அருகருகே வைத்தால், எந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பது குழந்தைக்கு விளங்காது. இரண்டும் பந்தாகவே இருந்தால், நிறம் தானே முன்வந்து நிற்கும்.

அதன்பின் மூன்று படிகள். செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து அம்மையார் எடுத்துக்கொண்ட முறை இது. முதற்படியில் பெரியவர் பெயர் சொல்லுகிறார்: "இது சிவப்பு. இது நீலம்." இரண்டாம் படியில் குழந்தை இனங்காட்டுகிறது: "சிவப்பை எனக்குக் கொடு பார்க்கலாம்." மூன்றாம் படியில்தான் கேள்வி: "இது என்ன?" நம்மில் பெரும்பாலோர் முதலிரண்டு படிகளையும் தாண்டி, எடுத்த எடுப்பிலேயே மூன்றாம் படிக்குச் சென்றுவிடுகிறோம். வீட்டுக்கு விருந்தினர் வந்ததும், "இது என்ன நிறம், சொல்லு மாமாவுக்கு" என்று குழந்தையைத் தேர்வுக்கு நிறுத்துகிறோம். குழந்தை ஏதோ ஒரு பெயரைச் சொல்லுகிறது. எல்லோரும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் குழந்தை கற்பது நிறத்தை அன்று. வாய்மூடி இருப்பதே நல்லது என்பதைத்தான்.

பட்டுநூல் பலகைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் தையல் நூற்கண்டுகளும், ரவிக்கைத் துணித் துண்டுகளும், வளையல்களும் இல்லாமலா போயின? ஒரே அளவான கண்ணாடி வளையல்களில் சிவப்பில் இரண்டு, மஞ்சளில் இரண்டு, நீலத்தில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எதுவும் சொல்லாமல், முதலில் இணை சேர்க்கச் சொல்லுங்கள். இணை சேர்க்கத் தெரிந்த குழந்தைக்குக் கண் பழுதில்லை. பெயர்தான் இன்னும் வந்து சேரவில்லை என்று அமைதி கொள்ளலாம். பிறகு பெயர், அதுவும் ஒருநாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். நான்கு நிறங்கள் நன்றாக ஊன்றிய பின்பு, அதே நிறத்தின் சாயல்களுக்குப் போகலாம்.

வாக்கிய அமைப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மைக்கேல் ராம்ஸ்கர் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலம் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். 'சிவப்புப் பந்து' என்று நிறத்தை முன்னே வைத்துக் கேட்ட குழந்தைகளைவிட, 'பந்து சிவப்பாக இருக்கிறது' என்று நிறத்தைப் பின்னே வைத்துக் கேட்ட குழந்தைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள் என்று கண்டார்கள். முதலில் பந்து என்றதும் குழந்தையின் கவனம் பந்தின் மேல் செல்கிறது. அதன்பின் வரும் சொல் அப்பந்தைப் பற்றிய ஒரு செய்தியாக மனத்திற் பதிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். தமிழ்க் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு அன்று அது. ஆயினும் நமக்கு இதில் நட்டம் ஒன்றுமில்லை. 'பந்து சிவப்பு', 'இலை பச்சை', 'வானம் நீலம்' என்று வினைச்சொல்லே இல்லாமல் இரண்டே சொற்களில் முடியும் வாக்கியம் தமிழுக்கு இயல்பானது. அடுக்களையில் காய் நறுக்கும்போது இவ்வாறு பத்து வாக்கியங்கள் சொல்லுவதற்கு ஒரு நிமிடங்கூட ஆகாது.

அடுத்து, நம்மைப் போன்றோருக்கே உரிய கேள்வி ஒன்று. தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் தமிழ் என்று வளரும் குழந்தைக்கு நிறப் பெயர்கள் குழம்பிவிடாவா?

ஓரளவு குழம்பும். அது இயற்கை. இந்தியில் நீலா, பீலா என்ற இரு சொற்களும் ஓசையில் மிக நெருங்கியவை. ஒன்று நீலம், மற்றொன்று மஞ்சள். குஜராத்தியில் லீலோ என்றால் பச்சை. அகமதாபாத்தில் வளரும் தமிழ்க் குழந்தை அதை நீலம் என்று எண்ணினால் அதன் மேல் குற்றமில்லை. ஐதராபாத்தில் பச்ச என்னும் தெலுங்குச் சொல், சேரும் சொல்லுக்கேற்ப மஞ்சளையும் குறிக்கும், பச்சையையும் குறிக்கும். இலைப் பச்சையைத் தனித்துக் காட்ட ஆகு பச்ச என்கிறார்கள். ஆனால் குழப்பத்துக்குள்ளேயே உறவும் இருக்கிறது. வங்காளியர் ஹொலுத் என்பது மஞ்சள் நிறத்துக்கும் பெயர், மஞ்சட்கிழங்குக்கும் பெயர். நம்மைப் போலவே அவர்களும் அடுக்களையிலிருந்துதான் அந்த நிறத்துக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள். கன்னடத்தில் ஹசிரு என்பது பழங்காலத்தில் பசிர். நம் பசுமையின் உடன்பிறப்பு. கெம்பு நம் செம்மைக்கும், பிளி நம் வெண்மைக்கும் உறவு. கத்திரிச்செடியில் இந்திக்காரர் காயைப் பார்த்து பைங்கனி என்றார்கள். நாம் பூவைப் பார்த்துக் கத்திரிப்பூ நிறம் என்றோம். பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ வாழும் பெற்றோர், குழந்தை சற்று வளர்ந்தபின் இவ்வுறவுகளை எடுத்துச் சொன்னால், அண்டைவீட்டார் மொழி குழந்தைக்குப் பகையாகத் தோன்றாது. சிற்றப்பன் மகளைப் போல நெருங்கி வரும்.

ஆகவே, குழந்தை 'லால்' என்று சொன்னால், "தவறு" என்று வெட்டாதீர்கள். "ஆமாம், லால், நம் வீட்டில் அதைச் சிவப்பு என்போம்" என்று சொல்லுங்கள். நிறத்தை அறிந்துகொண்டது என்ற பாராட்டு அதற்குக் கிடைக்கட்டும். தமிழ்ப்பெயர் கூடுதல் செல்வமாகச் சேரட்டும். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வாடாமல்லி, வெந்தய நிறம் என்று நம் புடவைக் கடைகளிலும் பாட்டிமார் வாயிலும் வாழ்ந்துகொண்டிருக்கும் பெயர்கள் எத்தனை! கையேட்டில் நான் தேடித் தேடி எழுதிய சொற்களைவிட உயிருள்ள சொற்கள் என் தாயாரின் நூல் டப்பாவில் இருந்தன.

நிறம் கற்பிக்கும்போது நாம் அறியாமலே கற்பித்துவிடும் தீமை ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மனிதரைப் பற்றிப் பேசுகையில் நாம் சிவப்பு என்றும் கருப்பு என்றும் சொல்லுகிறோம். சிவப்பு என்று சொல்லும்போது நம் குரல் உயர்கிறது. கருப்பு என்று சொல்லும்போது தாழ்கிறது. குழந்தை நிறத்தின் பெயரோடு அந்தக் குரலையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. வண்ணக்குச்சிப் பெட்டியில் வெளிறிய ஒரு குச்சியைத் 'தோல் நிறம்' என்று குழந்தைகள் அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். யாருடைய தோல்? என் மகள் ஒருநாள் குடும்பப் படம் வரைந்து எல்லோருக்கும் அந்தக் குச்சியையே தீட்டியிருந்தாள். அவள் கையைத் தாளின் மேல் வைத்து, எந்தக் குச்சி பொருந்துகிறது பார் என்றேன். நால்வருக்கும் நான்கு வேறு குச்சிகள் தேவைப்பட்டன. அன்று அவள் பழுப்பில் மட்டும் மூன்று சாயல்களைக் கற்றாள்.

இறுதியாக, என் வாழ்க்கையில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லுவதற்காகவே இப்பேச்சுக்கு நான் இசைந்தேன் என்றுங்கூடச் சொல்லலாம்.

என் மகன் மூத்தவன். இப்போது பன்னிரண்டு வயது. ஐந்து வயதில் அவன் ஒரு கிளி வரைந்தான். நல்ல படம். ஆனால் கிளிக்குப் பழுப்பு வண்ணம் தீட்டியிருந்தான். "கிளி என்ன நிறம்?" என்றேன். "பச்சை" என்றான். "இது என்ன?" என்றேன். "பச்சை" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். மறுநாளும் மரத்தின் இலைகளைப் பழுப்பாகவே தீட்டினான். கவனக்குறைவு என்று கடிந்துகொண்டேன். நிறங்களின் பெயரைப் பத்து முறை எழுதச் சொல்லி உட்கார்த்தி வைத்தேன். அவன் அழுதுகொண்டே எழுதினான். பெயர்களையெல்லாம் பிழையின்றி எழுதினான். அதன்பின் அவன் படம் வரைவதையே விட்டுவிட்டான்.

இரண்டு ஆண்டுகள் சென்ற பின், பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில்தான் உண்மை தெரிந்தது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண்களை மறைத்து அச்சிட்ட அட்டைகளை வைத்துச் சோதித்தார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட முறை அது. மற்றப் பிள்ளைகள் எண்ணைப் படித்த இடத்தில் என் மகன் வெறும் புள்ளிகளைக் கண்டான். சிவப்பையும் பச்சையையும் பழுப்பையும் அவன் கண் பிரித்துக் காட்டுவதில்லை.

மருத்துவர் எங்களை அமர்த்தி விளக்கினார். இக்குறை பெரும்பாலும் தாயின் வழியே மகனுக்கு வருகிறது. தாய்க்குக் குறை தெரியாது. தாயின் தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இருந்திருக்கலாம் என்றார். ஐரோப்பியரில் நூறு ஆண்களில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இது உண்டு. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. பெண்களிடம் மிக அரிது. இதற்கு மருந்தில்லை, ஆனால் இது நோயும் அன்று, முற்றுவதும் இல்லை. இன்னின்ன பணிகளுக்கு மட்டும் தடை உண்டு. 1875-இல் சுவீடன் நாட்டில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. விளக்கின் நிறத்தைப் பிரித்தறியாமையே காரணமாயிருக்கலாம் என்று ஐயுற்ற ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர், வண்ணக் கம்பளி நூற்சுருள்களை இணை சேர்க்கச் சொல்லி ரயில் ஊழியர்களைச் சோதிக்கலானார். அவ்விபத்துக்கு உண்மையில் அதுதான் காரணமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ரயில் ஓட்டுவோருக்கு நிறப் பரிசோதனை உலகெங்கும் வழக்கமாவதற்கு அவர் முயற்சி வித்திட்டது.

அன்றிரவு என் மனைவி ஊரிலிருக்கும் தம் தந்தையாருக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னார். என் மாமனார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பூசைக்குச் செம்பருத்திப்பூ பறிக்கச் சொன்னால் நான் எப்போதும் செடியைக் கையால் தடவித்தான் பறிப்பேன். இலைக்கு நடுவே பூ எனக்குத் தெரிவதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று சிறுவயதில் நினைத்தேன். இல்லையென்று தெரிந்தபின் சொல்ல வெட்கமாயிருந்தது" என்றார். அறுபது ஆண்டுகள் அவர் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் மகன் அந்தப் பத்து வரிசைகளை எழுதியிருக்க மாட்டான்.

ஆகவே, பெற்றோர்களே, நான்கு வயதுக்கு மேலும் குழந்தை இணை சேர்ப்பதிலேயே தவறினால், சிவப்பையும் பச்சையையும், அல்லது பச்சையையும் பழுப்பையும் மட்டும் திரும்பத் திரும்ப மாற்றினால், கடிந்துகொள்ளாதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். எழுத்தறியாச் சிறுவரும் விரலால் தொடர்ந்து காட்டக்கூடிய வளைகோடுகள் அமைந்த அட்டைகள் இஷிஹாரா முறையில் உள்ளன. குடும்பத்தில் யாருக்கேனும் இக்குறை இருந்தால், மறைக்காமல் சொல்லி வையுங்கள். பள்ளி ஆசிரியரிடமும் தெரிவியுங்கள். 'பச்சையில் எழுதியதைப் படி' என்று பாடப்புத்தகம் கேட்கும்போது, அது அறிவின் சோதனையன்று என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

நான் செய்த பிழைக்கு ஒரு சிறு பரிகாரம் செய்தேன். கடையில் வாங்கிய வண்ணக்குச்சி ஒவ்வொன்றின் மேலும் சிறு காகிதம் சுற்றி, தமிழில் அதன் பெயரை எழுதி ஒட்டினேன். என் மகனுக்கு அப்போது தமிழ் எழுத்துக்கள் முழுதும் தெரியாது. கிளிக்குப் பச்சை வேண்டும் என்றால் 'பச்சை' என்பதைப் படித்தாக வேண்டும். ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டான். படம் வரைவதற்கு மட்டும் மேலும் ஓர் ஆண்டு ஆயிற்று. நானும் வற்புறுத்தவில்லை.

இப்போது அண்ணனும் தங்கையும் ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்து வரைகிறார்கள். அவளுக்கு நிறம் தெரியும், எழுத்துத் தெரியாது. அவனுக்கு எழுத்துத் தெரியும். சில நிறங்கள் தெரியா. காகிதம் கிழிந்துபோன குச்சி கைக்கு வந்தால் அவன் அவளிடம் கேட்கிறான். மற்றவற்றின் பெயரை அவன் படித்துச் சொல்ல, அவள் கற்றுக்கொள்கிறாள். சென்ற வாரம் என் தாயார் ஊருக்குப் புறப்படுமுன் புதிய குச்சி ஒன்றுக்குப் பெயர் எழுதித் தரச் சொல்லி இருவரும் என்னிடம் வந்தார்கள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "அரக்கு" என்றாள் சிறியவள்.